ரெண்டாவது பந்து

நவம்பர் 9, 2025
உக்கடம் பழைய இரும்புக் கடையில் ரெண்டு மோட்டார் கிடைத்தது. பேட்டரி ஸ்கூட்டரில் இருந்து கழற்றியவை. 24 வோல்ட், 350 வாட், 2700 ஆர்.பி.எம். ஒன்றில் கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருக்கிறது. இன்னொன்றில் ஆர்மேச்சரே எரிந்துவிட்டது. எரிந்ததைப் பற்றிக் கவலையில்லை, காயில் கட்டுவதுதானே என் தொழில். பாப்பாவின் அப்பாவிடம் காட்டினேன். கட்டுப் போட்ட கையை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 10
பாப்பாவின் கிரிக்கெட் செலக்‌ஷன் தேதி இன்னும் வரவில்லை.

நவம்பர் 12
ராத்திரி முழுக்கக் கணக்கு, பாப்பாவுக்குப் பந்து போடும் மெஷினுக்காக. மூட்டை வண்டிக்குப் போடும் 10 இஞ்ச் காற்று டயர், ரெண்டு. ஒன்று இந்தப் பக்கமும் மற்றது எதிர்ப் பக்கமும் சுற்ற வேண்டும், நடுவில் பந்து நசுங்கிப் பாய வேண்டும். சுற்றளவு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு 2000 சுற்று ஓடினால் டயரின் பரப்பு மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பந்து கொஞ்சம் வழுக்கும், 85, 90 வந்தால் போதும். 90-ல் வந்தாலே பிட்சில் இந்த முனை கிரீஸ் கோட்டில் இருந்து அந்த முனைக் கோட்டுக்கு 0.7 செகண்ட்தான். அதற்குள் அவள் பார்த்து, காலை எடுத்து வைத்து, பேட்டை இறக்க வேண்டும். இத்தனை வருஷமும் இப்படி அவளுக்குப் பந்து எறிந்தது அவர் தோள்தான். தினமும், காலையிலும் சாயங்காலமும்.

தோள் கிழியாமல் என்ன செய்யும்.

நவம்பர் 15
ஆர்மேச்சர் கட்டி முடித்து வார்னிஷ் ஊற்றிக் காய வைத்திருக்கிறேன். லேத் தம்பி ஷாஃப்டுக்கு புஷ் கடைந்து கொடுத்தான். "ஏனுங்க்கா, கிரைண்டருங்களா?" என்று கேட்டான். பந்து போடுகிற மெஷின் என்றதும் காசே வாங்க மாட்டேன் என்றான். பெண்கள் உலகக் கோப்பை ஃபைனலை அவன் பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். ஷஃபாலி 87 அடித்ததை ஒவ்வொரு ஷாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தான். காசைக் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 16
சக்கரம் ஆடுகிறது. 1200-க்கு மேல் போனால் ஸ்டாண்டு முழுக்க நடுங்குகிறது. பெல்டைக் கழற்றி, சக்கரத்தைத் தனியாக பேரிங்கில் போட்டு, மெதுவாகச் சுற்றி விட்டேன். நிற்கும்போது எந்த இடம் கீழே வருகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. திரும்பவும் சுற்றினேன், கோடு திரும்பவும் கீழேதான் வந்தது. எதிர்ப் பக்கம் ரிம்மில் ஈயத்தை உருக்கித் துளித் துளியாக வைத்தேன். ஒரு துளி அதிகமானாலும் கோடு மேலே போய்விடுகிறது. சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. அப்படி நிற்பதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

நவம்பர் 17
தேதி வரவில்லை. யாரையும் கேட்க வேண்டாம் என்கிறாள் பாப்பா.

நவம்பர் 19
சக்கரத்துக்குப் பந்தை இறக்கிவிடப் பைப். 75 எம்.எம். பைப்பில் பந்து சிக்குகிறது, 90-ல் ஆட்டம் போடுகிறது. பெண்கள் ஆடும் பந்து ஆண்கள் பந்தைவிடச் சின்னது, எடையும் 140-லிருந்து 151 கிராமுக்குள்தான். 90 பைப்பின் உள்ளே சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி மூன்று பட்டை ஒட்டினேன். இப்போது பந்து நடுவிலேயே நேராக இறங்குகிறது. சக்கரத்துக்கு மேலே கம்பி வலைக் கூண்டும் போட்டாயிற்று. துப்பட்டா, முடி, விரல் எதுவும் அதன் பக்கத்தில் போகக் கூடாது.

நவம்பர் 21
மழை. அவருக்கு வலி, தூக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வென் கதையைச் சொன்னேன். பாப்பாவின் கணக்குப் புத்தகத்தில் வட்டத்துக்குள் வட்டம் போட்டு வென் படம் என்று வருகிறதே, அந்த ஜான் வென்தான். கேம்பிரிட்ஜில் பந்து வீசும் மெஷின் ஒன்றும் செய்திருக்கிறார். 1909-ல் ஆஸ்திரேலிய அணி அங்கே வந்தபோது அவர்களின் முன்னணி பேட்ஸ்மேன் ஒருவரையே அது போல்டாக்கியதாம். "அவருக்கும் தோள் போயிருக்குமோ?" என்றார். கை கட்டின நாளில் இருந்து இன்றைக்குத்தான் சிரித்தார்.

நவம்பர் 23
மைதானம். முதல் பந்து குட் லென்த்தில், விழ வேண்டிய தூரத்தில் விழுந்து ஸ்டம்புக்கு மேலே போனது. நான் கத்திவிட்டேன். அடுத்தது அரை பிட்சிலேயே குத்தியது. அதற்கடுத்தது சரி. அப்புறம் மறுபடியும் குட்டை.

நவம்பர் 24
அந்த ரெண்டாவது பந்து.

நவம்பர் 25
டயர் காற்று ரெண்டிலும் ஒன்றுதான். பேட்டரி முழு சார்ஜ். வயர் சூடாகவில்லை. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி 58 எம்.எம்., இம்மி நகரவில்லை. பிறகு ஏன்?

நவம்பர் 26
ஆர்.பி.எம். மீட்டரைப் பிடித்துக்கொண்டே பந்தை விட்டேன். 2000-ல் ஓடின சக்கரம் பந்து போனதும் 1880-க்கு இறங்குகிறது. வேகத்தைக் கொடுப்பது சக்கரம்தான், மோட்டார் அதைத் திரும்ப ஏற்றிவிடுகிறது, அவ்வளவே. ஏற நேரம் வேண்டும். நாங்கள் அவசரத்தில் மூணு செகண்டில் அடுத்ததைப் போட்டுவிடுகிறோம். ரிம்மில் இரும்பு வளையம் ஏற்றினால் இறங்குவது குறையும் என்றான் லேத் தம்பி. உண்மைதான். ஆனால் அவ்வளவு கனம் ஏறினால் ஸ்விட்சை அணைத்த பிறகும் நெடுநேரம் சுற்றும், பக்கத்தில் நிற்பது என் பிள்ளை. வேண்டாம். காத்திருந்தே போடலாம். எந்த பௌலரும் திரும்பி நடந்துபோய், ஓடி வந்துதானே போடுகிறார்.

நவம்பர் 27
பாப்பா அழுதாள். "கை தெரியலம்மா. பந்து எப்ப வருதுன்னே தெரியல." அப்பா எறியும்போது முழங்கையைப் பார்த்தே கால் நகர்ந்துவிடுமாம். இந்தப் பைப்பில் என்னத்தைப் பார்ப்பாள்?

வேகத்தை 1700-க்கு இறக்கினேன். அது பதில் இல்லை.

நவம்பர் 30
நாங்கள் வேண்டாம் என்றும் அவர் கேட்கவில்லை, வந்துவிட்டார். மெஷினுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பந்து போனதும் சக்கரத்தின் சத்தம் தணிகிறது, அப்புறம் மெல்ல ஏறுகிறது. அது பழைய சுருதிக்கு வந்ததும் "இப்போ போடு" என்றார். மீட்டரைப் பார்த்தேன், 1990. அடுத்த தடவையும் அவர் சொன்ன நேரம் சரியாக இருந்தது.

பிறகு, "பந்தை என்கிட்டக் கொடு" என்றார். இடது கைதான். தலைக்கு மேலே தூக்கி அவளுக்குக் காட்டினார், ஒரு மூச்சு நிறுத்தினார், அதே வேகத்தில் கையை இறக்கிப் பைப்பில் விட்டார். பாப்பாவின் முன்கால் நகர்ந்தது. டிரைவ் அடித்தாள். அடுத்ததும் டிரைவ். அடிக்கடி தரையில் பேட்டைத் தட்டி "இன்னொண்ணுப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைத் திட்டினார், கட்டோடு அழைத்துப் போவாயா என்று. திட்டட்டும்.

டிசம்பர் 1
ஒவ்வொரு பந்துக்கும் தூக்கிக் காட்ட வேண்டும், காட்டாமல் விடவே கூடாது. அவர் இல்லாத நாளில் நானும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

டிசம்பர் 2
தேதி வரவில்லை. 2100 வைத்தோம், அடித்துவிட்டாள்.

டிசம்பர் 4
தையல் மேலே இருக்கிற மாதிரி பந்தை வைத்தால் ஒரு பக்கம், சாய்த்து வைத்தால் வேறு பக்கம் போகிறது. தோல் பந்து அப்படித்தான். இன்றைக்கு அவரே ஒவ்வொரு பந்தையும் துடைத்து, தையலைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஒரு சக்கரத்தை மட்டும் 150 சுற்றுக் குறைத்துப் பார்க்கச் சொல்கிறார், பந்து உள்பக்கமாக வளையும் இன்ஸ்விங் வருமாம். ரெண்டு மோட்டாருக்கும் தனித்தனி ரெகுலேட்டர் இருக்கிறது, நாளைக்கே பார்த்துவிடலாம். பிரஷ் ரெண்டு செட் வாங்க வேண்டும்.