பிள்ளையார் மதிலில் லைற் அடிச்ச லொறி

மாமாவின் பழைய இசுசு எல்ப் லொறி உரும்பிராயிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் ஏத்துற லொறி. இரவு வெளிக்கிட்டால்தான் விடியச் சந்தையில் நிக்கலாம். ஏ-9 வீதியில் பரந்தன் தாண்டினால், பகல் முழுக்கக் காய்ஞ்ச தாரின் சூட்டுக்கு மாடுகள் நடு ரோட்டில் படுத்து இரைமீட்டும். போதாததுக்கு பின் லைற் இல்லாத உழவு மெசின்கள். லொறியின் சொந்த லைற்றில் மாடு தெரியும்போது அதின் மூக்கணாங்கயிறும் தெரியும் எண்டுறது மாமாவின் முறைப்பாடு. கடைசியில் தூரத்துக்கு அடிக்கிற ஹை பீமுக்குத் துணையாக ரெண்டு ட்ரைவிங் லைற் வாங்கி வந்தார். 24 வோல்ற், 70 வாற்ஸ் ஹலஜன்.

பூட்டுற இடத்திலேயே சண்டை தொடங்கிச்சுது. மாமாவுக்குக் கபினுக்கு மேல பூட்ட ஆசை.

"தூரத்தில வரேக்கையே ஆற்றை லொறி எண்டு தெரியவேணும்."

வயறிங் தம்பி மறுத்தான். "அண்ணை, மழையிலயும் பனியிலயும் மேல இருந்து அடிக்கிற வெளிச்சம் திரும்பி உங்கட கண்ணிலதான் குத்தும். பம்பரில பூட்டுவம். அதுவும் ஓரமா. கிறில்லை மறைச்சால் றேடியேற்றருக்குக் காத்து வராது."

குசினிக்குள்ளிருந்து மாமி கேட்டார்: "இவருக்கு ரோட்டைப் பாக்கவோ லைற், சனம் இவரைப் பாக்கவோ?"

பம்பர் வெண்டுது. லைற் ஆடாமல் இருக்க ஸ்பிரிங் வொஷர் போட்டு, பின்னாலும் ஒரு முட்டுக் கம்பி கொடுத்தான் தம்பி. றிலே, அதாவது சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு நிப்பாட்டுற சுவிச்சு, அதை வாங்க மட்டும் மாமாவுக்கு மனம் வரேல்லை. ஹை பீம் வயரிலிருந்து நேரே இழுத்தால் என்ன எண்டு கேட்டார். ரெண்டு லைற்றுக்கும் கிட்டத்தட்ட 6 அம்பியர் ஓடும், ஏற்கெனவே ஹெட் லைற்றைச் சுமக்கிற டிப் சுவிச்சு கருகிப்போம் எண்டு தம்பி படிப்பிச்சான். றிலேயின் கால் ஒவ்வொண்டுக்கும் ஒரு நம்பர். பற்றறியிலிருந்து பியூஸ் வழியாக 30, அங்கிருந்து 87 வழியாக லைற். ஹை பீம் வயர் 86க்குத் தகவல் மட்டும் சொல்லும், 85 லொறியின்ர இரும்புப் பொடியில் ஏர்த். இப்ப டிப் போட்டு வெளிச்சத்தைத் தாழ்த்தினால் துணை லைற்றும் தானா நூந்துபோம். எதிரில் வாறவன் எங்கட குலத்தை இழுக்க மாட்டான்.

சிரிப்பு லைற் செற் பண்ணேக்கைதான். அதுக்குச் சமதரையும், 25 அடி முன்னால் ஒரு மதிலும் வேணும். எங்கட ஒழுங்கைக்குள்ள லொறி நிண்டால் சைக்கிளே போகாது. மிஞ்சினது பிள்ளையார் கோயில் வெளிவீதி. தேர் ஓடுற இடம், மேடு பள்ளம் இல்லை. மதிலில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு, லைற்றுக்கு நேரான குத்துக்கோட்டைக் கோயிலே கீறி வைச்சிருக்கு! "பூசைக்கு முதல் முடியுங்கோ" எண்டு ஐயர் சொல்லிப்போட்டுப் போனார்.

நிலத்திலிருந்து லைற்றின் நடுவுக்கு உள்ள உயரத்தை அளந்து, மதிலில் அதே உயரத்துக்கு நூல் கட்டினம். நூலைக் கண்ட ஒரு பொடியன் மாவிலையும் கொண்டுவந்து கட்டிப்போட்டான். அதோட ஊர் கூடிச்சுது. அர்ச்சனைத் தட்டோட வந்த ஒரு ஆச்சி, என்ன விசேசம் எண்டு லொறியைச் சுத்திக் கும்பிட்டா.

ஒரு லைற்றைச் சாக்கால மூடி, மற்றதின்ர வெளிச்ச நடு நூலுக்கு மட்டா ஒரு விரல் கீழ நிக்கிறமாதிரி திருப்பினான் தம்பி. பிறகு மற்றது. போல்ற்றை இறுக்கப் போகேக்கை, அரசாங்க பஸ் சபையான சீ.ரீ.பீ.யில் பஸ் ஓடி இளைப்பாறின பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, இது வெறும் லொறி. வெங்காயம் ஏத்தினால் பின் வில்லு இறங்கும், மூஞ்சை நிமிரும். ஒரு பாகை நிமிந்தால் இந்த மதிலில 5 இஞ்சி. 100 மீற்றரில கிட்டத்தட்ட 6 அடி. மாட்டுக்கு மேலால போய்ப் பனை வட்டுக்குள்ள நுங்கு தேடும்."

மறுக்க ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. மூட்டையள் இன்னும் தோட்டத்தில. மாமா கூட்டத்தைப் பார்த்தார்.

"சும்மா நிக்கிறவை எல்லாம் ஏறுங்கோ."

ஏறினாங்கள். பென்சன் எடுத்த கணக்கு வாத்தியார் தலை எண்ணிப் பெருக்கி, ஒரு தொன் கூடத் தேறாது எண்டார். "அப்ப எல்லாரும் வாலுக்குப் போங்கோ, அச்சுக்குப் பின்னால நிண்டால் அமத்தம் கூட" எண்டார் பெரியவர். போனாங்கள். வெளிச்சம் நூலை விட்டு எழும்பி மதிலில் ஏறத் தொடங்கிச்சுது. அங்கயே நிண்டபடி பின்பக்கத்தில் வெங்காய விலை, கனடாக் கலியாணம், அடுத்த தேர்தல் எல்லாம் கதைபட்டுது. மாமி தேத்தண்ணியை மேல நீட்டினா. இறங்கிக் குடிக்க ஒருத்தரும் தயாரில்லை.

மம்மல் பொழுதுக்கு மூட்டையள் வந்துது. ஆக்களை இறக்கிறதுதான் மூட்டை ஏத்துறதை விடப் பெரிய பாடு. பாரத்தோட திரும்பவும் அதே இடத்தில நிப்பாட்டி, லைற் ரெண்டையும் எப்பன் கீழ இறக்கி, நூலுக்குச் சரியா வைச்சு, இந்தமுறை போல்ற்றை உண்மையாவே இறுக்கினான் தம்பி.

மாமா ஸ்ரார்ட் பண்ணினார். மூட்டைக்கு மேல பெரியவர் சம்மணம் கொட்டிக்கொண்டு இருக்கிறார்.

"அண்ணை, இறங்கேல்லையோ?"

"நான் இறங்கினால் பாரம் குறைஞ்சு லைற் திரும்பவும் பிழைக்குமடா தம்பி. கைதடிச் சந்தி மட்டும் இருக்கிறன். அங்க மகளின்ர வீடு."