குழந்தைகளின் கதையை எழுதாமலேயே நிதி கேட்டோம்

வீட்டில் வன்முறையைப் பார்த்த, பெற்றோரைத் திடீரென்று இழந்த குழந்தைகளுக்காக ஆசிரியர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து மாலை நேரக் கூடம் ஒன்று நடத்துகிறோம். விளையாட்டு, வரைதல், பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்கும் சில பெரியவர்கள், அவ்வளவுதான். இதற்கு அரசு நிதி கேட்டு, வாங்கி, தணிக்கையும் முடித்துவிட்டோம். இனிமேல் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படிவம் ‘எத்தனை பேருக்குச் சிகிச்சை?’ என்று கேட்டது. நாங்கள் சிகிச்சை தருவதில்லை. தேவைப்படும் குழந்தையை மனநல மருத்துவரிடம் அனுப்புகிறோம், மற்ற நாட்களில் கூடவே இருக்கிறோம். இதை நேராகவே எழுதினோம். ‘இது ஏன் அரசின் வேலை?’ என்ற கேள்விக்கு ஐ.நா.வின் 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கை கைகொடுத்தது. பாதிக்கப்பட்ட குழந்தை உடலாலும் மனதாலும் மீண்டுவர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதன் 39-ஆவது பிரிவு சொல்கிறது.

ஆய்வு ஆதாரமும் கேட்டார்கள். 9,508 பெரியவர்களிடம் கேட்டு அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வைச் சேர்த்தோம். சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துயரங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று அது கண்டது. உடனே, ‘அப்படியானால் எத்தனை வகைத் துயரம் என்று எண்ணி ஒவ்வொரு குழந்தைக்கும் மதிப்பெண் போட்டு அனுப்புங்கள்’ என்றார் நிதித் துறை அதிகாரி. மறுத்துவிட்டோம். அந்த மதிப்பெண்ணைத் தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை இணைத்த பிறகு அதிகாரியும் ஏற்றுக்கொண்டார்.

பெரிய வாக்குவாதம் பட்ஜெட்டில்தான். தன்னார்வலர்களுக்கு ஒரு ஆலோசகர் தரும் வழக்கமான வழிகாட்டுதலுக்குப் பணம் கேட்டிருந்தோம். ‘குழந்தைக்கு நேரடிப் பயன் இல்லாத செலவு’ என்று அதிகாரிகள் முதலில் நீக்கியது அதைத்தான். எனக்கு அதுதான் உயிரான செலவு. வேதனையைத் தொடர்ந்து கேட்கிறவர் ஒரு கட்டத்தில் களைத்து விலகிவிடுவார். ஏற்கெனவே ஒருவரை இழந்த குழந்தை, நம்பிய இன்னொருவரையும் இழக்கும். இதை விளக்கி எழுதிக் கொடுத்தோம். கேட்டதில் பாதி கிடைத்தது. அந்தத் தொகையை வேறு எதற்கும் திருப்பவில்லை.

இன்னொன்று, செலவழித்த பிறகே பணம் வரும் என்று விதி இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே முன்பணத் தவணை கேளுங்கள். சிறிய குழுவால் வாடகையை மாதக்கணக்கில் தாங்க முடியாது.

‘மனதைத் தொடும் ஒரு குழந்தையின் கதை’ என்று படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது. பெயரை மாற்றினாலும் ஊருக்குத் தெரிந்துவிடும், பணத்துக்காக அதைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. அங்கே கூடத்தின் ஒரு மாலை எப்படிப் போகும் என்று மட்டும் எழுதினோம். தணிக்கையிலும் வருகைப் பதிவேட்டைக் குறியீட்டு எண்களோடுதான் காட்டினோம். எந்த எண் எந்தக் குழந்தை என்ற பட்டியல் பூட்டிய அலமாரியிலேயே இருந்தது. எண்ணிக்கையும் கையெழுத்துகளும் சரியாக இருந்ததால் தணிக்கையாளர் அதற்கு மேல் கேட்கவில்லை.