வெற்று உறுதி

43 வயதில் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் சிறுவர் பராமரிப்புப் படிக்கச் சேர்ந்தேன். முதல் வகுப்பில் ஆசிரியை பாடத்துக்கு முன் ஒரு தாளைப் பார்த்து எதையோ வேகமாக வாசித்தார். மிசிசாகா, ஹோடினோஷோனி, வெண்டாட் என்று பெயர்கள் ஓடின. ஊரில் கூட்டத்துக்கு முன் தேவாரம் பாடுவதுபோல இதுவும் ஒரு வழக்கமாக்கும் என்று எழுந்து நின்றேன். வேறு யாரும் எழும்பவில்லை.

அது இந்த நிலத்துக்குரியவர்களை நினைவுகூரும் வாசகம் என்று பிறகுதான் தெரிந்தது. மிசிசாகா எனக்குக் கல்யாண வீடுகளுக்குப் போகிற ஊர். அது ஒரு மக்களின் பெயர் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பூர்வகுடி வரலாறு எங்களுக்குக் கட்டாயப் பாடம். அங்கேயே தங்கிப் படிக்கவைக்கும் வதிவிடப் பள்ளிகளுக்கென்று சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்திருக்கிறார்கள். தாய்மொழி பேசியதற்காகப் பலர் அடி வாங்கியிருக்கிறார்கள். பிள்ளை பராமரிக்க வருகிறவர்கள் முதலில் படிக்கவேண்டியது அதுதான். ஆனாலும் என் நித்திரையைக் கெடுத்தது ரொறன்ரோவின் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம்.

1787இல் ஆங்கிலேயர் இந்த நிலத்தை மிசிசாகா மக்களிடம் வாங்கினார்களாம். பிறகு எடுத்துப் பார்த்தால் உறுதி வெற்றுத் தாள், எல்லைகூட எழுதவில்லை. மிசிசாகா தலைவர்களின் கையொப்பக் குறிகள் வேறு துண்டுகளில் இட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. 1805இல் மறுபடி எழுதினார்கள். விலை 10 ஷில்லிங். 2010இல்தான் கனடா அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்த்தது.

1990இல் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து ஓடும்போது அப்பா, நொத்தாரிசு என்கிற பத்திர அலுவலர் ஒப்பமிட்ட காணி உறுதியைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து எடுத்துவந்தார். காணிக்குள் கால்வைக்க முடியாத வருடங்களிலும் அந்த டின் எங்களோடு வீடு வீடாக மாறியது. இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. உறுதி கையில் இருந்தால் காணியும் நம்முடையதுதான் என்பார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை டேபர் ஹில்லுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். 1956இல் அந்த மேட்டை வெட்டியபோது சுமார் 500 வெண்டாட் மூதாதையரின் எலும்புகள் வெளிப்பட்டன. சுற்றிவர வீடுகள்; நடுவில் புல்மேடு. கற்பூரம் கொளுத்தலாமா என்றார் அம்மா. வேண்டாம், அவர்கள் வழக்கம் வேறு என்றேன். நின்றபடியே உறுதிக் கதையைச் சொன்னேன். 10 ஷில்லிங்குக்கு வேலிக்குக் கதியால்கூட வராதே என்றவர், கொஞ்சநேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் நொத்தாரிசு?" என்று கேட்டார்.