கொடி பிடித்தவர் நின்ற இடம்

விமானத்திலிருந்து பயிருக்கு மருந்து அடித்த காலத்தில், எந்தக் கோட்டில் பறக்க வேண்டும் என்று காட்ட வயலின் முனையில் ஒருவர் கொடி பிடித்து நிற்பார். அவரைப் பற்றிய கேள்விக்கு வகுப்பில் நான் சொன்ன பதில் சரியானதுதான். எந்தப் பயிற்சிக் கையேட்டைப் புரட்டினாலும் அப்படித்தான் எழுதியிருக்கும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனாலும் அன்று மாலையிலிருந்து அந்தப் பதில் என்னை விடவில்லை என்பதால் இதை எழுதிப் பார்க்கிறேன்.

"அந்தக் கொடி பிடிச்சவரு மேல மருந்து படாதா சார்?" என்பது கேள்வி. கேட்டவர், மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிலிருந்து ட்ரோன் பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண். "காற்று வெளியேறும் ஓரத்தில்தான் வேலையைத் தொடங்குவோம் அம்மா. ஒவ்வொரு வரிசைக்கும் அவர் காற்று வரும் பக்கமாக நகர்ந்துகொண்டே போவார். மருந்து அவருக்கு மறுபக்கம்தான் போகும்" என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "அவரு நகர்ந்தாரான்னு யாரு சார் பார்ப்பாங்க?" என்றார். "தரையில் மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பதாகச் சொல்கிறது. குழுவிலிருந்து ஒருவர் ஓட்டப் பழகுகிறார், இன்னொருவர் உதவியாளராகப் பழகுகிறார். விமான நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தடையற்ற பசுமை மண்டலம் கிடையாது என்பதால் எங்களுக்கு வகுப்பு மட்டும் குரோம்பேட்டையில். பறக்கவிடுவது செங்கல்பட்டைத் தாண்டி. அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மீனம்பாக்கத்தில் பறக்கக் கற்று, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த பசந்த் விமானத்தில் பயிருக்கு மருந்து அடித்தவன் என்ற தகுதியில், பழைய காலத்து வேலையைப் பற்றி நான் பேச வேண்டும். 1972இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தில் மொத்தமே 39தான் செய்தார்கள் என்பதால், அதை ஓட்டியவன் உயிரோடு எதிரே நிற்பதே மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை.

நான் மிகவும் விரும்பிச் சொல்வது வளைவைப் பற்றி. பயிருக்குப் பத்தடி உயரத்தில் வயலைக் கடந்து, கடைசி வரப்புக்கு முன் மருந்தை நிறுத்தி, மூக்கைத் தூக்கி, முதலில் காற்று போகும் பக்கமாகச் சற்று ஒதுங்கி, பிறகு காற்றை எதிர்த்து முழுதாகத் திரும்பினால்தான் அடுத்த வரிசைக்கு நேராக வந்து இறங்க முடியும். தொட்டி நிறைந்திருக்கும் முதல் வளைவில் விமானம் ஒரு குணத்திலும், காலியாகிவரும் கடைசி வளைவில் வேறொரு குணத்திலும் இருக்கும். அந்த வேறுபாட்டைக் கையில் உணராதவர் வளைவிலேயே வேகம் இழந்து விழுவார். மின்கம்பியைத் தேடக் கூடாது, அது கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேடி, கம்பி எங்கே போகிறது என்று ஊகிக்க வேண்டும். இறக்கை நுனியில் எழும் காற்றுச்சுழல் மருந்தை மேலே வாரிக்கொண்டு போகும் என்பதால்தான் தெளிப்புக் குழாயை இறக்கையின் முழு நீளத்துக்கும் வைப்பதில்லை. இவற்றையெல்லாம் சொல்லும்போது வகுப்பு அசையாமல் கேட்கும். எல்லாவற்றையும் கோத்து நிறுத்துவது வயலின் மறுமுனையில் நின்ற கொடிதான். எந்தக் கோட்டில் பறக்க வேண்டும் என்பதைச் சொல்ல அன்று வேறு கருவி கிடையாது. ஜிபிஎஸ் பின்னால் வந்தது.

கொடியைப் பிடித்திருந்தவர் அந்தந்த ஊரில் அன்றைய கூலிக்கு வந்தவர். முகத்தில் துண்டைச் சுற்றியிருப்பார்.

கேள்வி வந்த அன்று வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அத்தனை காலம் பறந்தும் போடத் தோன்றாத கணக்கு அது. மணிக்கு 100 மைல் என்பது நொடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர். அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள வயலை 11 நொடியில் விமானம் கடந்துவிடும். விமானம் தன் கோட்டுக்கு வந்ததைக் கண்டவுடன் கொடிக்காரர் அடுத்த குறிக்கு நகர வேண்டும் என்பது விதி; அடுத்த குறி 15 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொண்டால், தார்ச்சாலையில் நடப்பவருக்கே அதற்கு 11 நொடிக்குக் குறையாது. பருத்திக் காட்டுப் பார்களைத் தாண்டி நடப்பவருக்கு எவ்வளவு ஆகும்? அதுவும் அவர் உடனே கிளம்பினால்தான். அவர் உடனே கிளம்புவதை நாங்கள் விரும்பியதில்லை. கொடி பாதியில் அசைந்தால் விமானத்தின் மூக்கும் அதன் பின்னாலேயே இழுபடும். கோடு வளைந்தால் ஒரு வரிசைக்கு மருந்து இரட்டிப்பாகும், பக்கத்து வரிசை வெறுமையாகக் கிடக்கும். ஆகவே, கடைசிவரை ஆடாமல் நிற்பவரை நல்ல ஆள் என்போம், மறுநாளும் அவரையே அனுப்பச் சொல்வோம்.

இதை வைத்து நான் சொன்ன பதிலைத் தவறென்று ஒதுக்கவும் முடியவில்லை. குறுக்குக் காற்று நிலையாக இருந்தால், நகர மறந்து குறியிலேயே நிற்பவருக்குக்கூடப் பாதி அகலத்து மருந்துதான் எட்டும். மீதி அவரை விட்டு விலகியே போகும். அதற்காகத்தான் அந்த முறையையே வகுத்தார்கள். ஆனால் நம் கரையோர மாவட்டங்களில் காலையில் மேற்கிலிருந்து வரும் காற்று, வெயில் ஏறியபின் கடற்காற்றுக்கு இடம்கொடுத்துத் திசையையே மாற்றிக்கொள்கிறது. அதற்குள் வேலையை முடித்துவிடுவோம் என்பது எங்கள் பழக்கம். எல்லா நாளும் முடிந்ததா என்றால், முடிந்தது என்றுதான் எண்ணுகிறேன். மேற்பார்வையாளர் இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் மருந்துக்குக் கணக்கு வைக்க வேண்டியிருந்ததால் அவர் பெரும்பாலும் ஓடுதளத்தில், கலக்கும் தொட்டிக்கு அருகில்தான் இருப்பார். வரப்பைத் தாண்டி மூக்கைத் தூக்கியபின் விமானிக்குப் பின்பக்கம் என்பதே கிடையாது. திரும்பிப் பார்த்தவர்கள் அதிக நாள் பறக்கவில்லை.

1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு மரத்தோப்பின் மேல் முதன்முதலாக விமானத்திலிருந்து பூச்சிமருந்து தூவியவர் ஜான் மெக்ரெடி என்று வகுப்பில் சொல்கிறேன். அதே விமானத்தில் உட்கார்ந்து கையால் பிடியைச் சுற்றி ஈய ஆர்சனேட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்த எத்தியேன் டோர்மாயை நானும் சொல்வதில்லை. பாடம் பறப்பதைப் பற்றியது என்பது என் சமாதானம்.

மருந்துத் தெளிப்பால் மக்கள் பாதிக்கப்பட்ட கேரளத்துக் காசர்கோட்டைக் குறிப்பிட்டு யாராவது கேட்டால் எனக்குப் பதில் தயாராக இருக்கிறது. அங்கே முந்திரித் தோட்டங்களில் 2000 வரை எண்டோசல்பான் தெளித்தது ஹெலிகாப்டர், நான் அந்தப் பக்கம் போனதேயில்லை. நாங்கள் தூவிய பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லிப் பவுடரை அரசு 1997இல்தான் தடை செய்தது. நாங்கள் பறந்தபோது அது எல்லா உரக்கடையிலும் கிடைத்தது. விமானிகளும் அதே காற்றைத்தான் சுவாசித்தோம். இவை அனைத்தும் உண்மை. அந்தப் பெண் இவற்றில் எதையும் கேட்கவில்லை.

செய்முறைத் தேர்வன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு உதவியாளராக வந்திருந்தது அவருடைய நாத்தனார். 10 லிட்டர் தொட்டியில் வெறும் தண்ணீர்தான். பாதி வரிசைகள் முடிந்திருந்தபோது காற்று திரும்பியது. அந்தப் பெண் தெளிப்பை நிறுத்தி, ட்ரோனை அந்தரத்திலேயே நிற்கவைத்து, "அண்ணி, இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டார். நாத்தனார் பாட்டரிப் பெட்டியையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு எதிர் வரப்புக்கு வந்து சேரும்வரை காத்திருந்தார். பாட்டரி கரைந்துகொண்டிருந்தது. இளம் பயிற்றுநர் என்னிடம் திரும்பி, "தண்ணிதானே சார், எதுக்கு நிறுத்தணும்?" என்றார். காற்றின் வேகம் வரம்புக்குள்தான் இருந்தது. "நிறுத்த வேண்டியதில்லை" என்றேன். அதுவும் சரியான பதில்தான். அந்தப் பெண்ணுக்கு நேரத்துக்கான மதிப்பெண் குறைந்தது, தேர்ச்சிக்குப் பாதகமில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. ட்ரோன் ஓட்டுபவர் தரையில் நிற்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது அவருக்குத் தெரிகிறது, நிறுத்தவும் அவரால் முடிகிறது. எனக்கு இந்த மூன்றுமே வாய்க்கவில்லை. ஆகவே இருவரையும் ஒப்பிடுவது நியாயமில்லை என்று வாதாடலாம். அப்படியே வாதாடியும் வருகிறேன். ஆனால் அன்று வரப்போரம் நின்றபோது அவர் காத்திருந்தது எனக்கு எரிச்சலூட்டியது. அந்த எரிச்சலில் பாட்டரியைப் பற்றிய கவலை எவ்வளவு, வேறு எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த குழுவுக்கும் அதே ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். "வளைவும் கம்பியும் போதும் சார், கொடியெல்லாம் இப்ப யாருக்கு?" என்கிறார் பயிற்றுநர். ட்ரோனே தன் கோட்டைப் பிடித்துக்கொள்ளும் காலத்தில் அவர் சொல்வது பாடத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கொடியை விட்டுவிட்டால் அந்தக் கேள்வியும் வராது. அதனாலேயே அவர் யோசனைக்குச் சம்மதிக்கத் தயங்குகிறேன். சேர்த்துச் சொன்னால், கேள்வி மறுபடி வரும்போது கையேட்டிலிருக்கும் பதிலைத் தவிர என்னிடம் இருப்பது 11 நொடிக் கணக்கு மட்டும்தான். அதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாமா என்று பயிற்றுநரிடம் கேட்டிருக்கிறேன். தேர்வில் வராத கணக்கு எதற்கு என்கிறார்.