பிங் போகிறது, வங்கித் தளம் திறக்கவில்லை: எம்டியு சரிசெய்த அனுபவம்

எங்கள் பகுதிக்கு ஃபைபர் இணைப்பு இன்னும் வரவில்லை. மொட்டைமாடியில் இரும்புக் குழாயில் பொருத்திய 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் வழியாக உள்ளூர் சேவையாளர் ஒருவர் தரும் இணைப்பைத்தான் பயன்படுத்துகிறோம். சென்ற மாதம் ஒரு திங்கள்கிழமை காலையிலிருந்து அதில் புதுவிதமான கோளாறு தென்பட்டது. யூடியூப் தடையின்றி ஓடியது, இணைப்பைச் சோதிக்கும் பிங்கில் ஒரு பாக்கெட்கூட (தரவுப் பொட்டலம்கூட) தவறவில்லை. ஆனால் வங்கியின் தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரைக்கு மேல் எதுவும் வரவில்லை. ஒரே பாக்கெட்டில் செல்லக்கூடிய அதிகபட்ச அளவான எம்டியுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் மாலை வீணானது. வைஃபை அமைப்பில் 'ஃபிராக்மென்டேஷன் திரெஷோல்ட்' என்றிருந்த 2346 என்ற எண்ணைக் குறைத்துப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. அந்த அமைப்பு வானலையில் செல்லும் சட்டங்களை (ஃபிரேம் எனப்படும் தரவுத் தொகுப்புகளை) மட்டுமே துண்டாக்குகிறது; மறுமுனையிலுள்ள வைஃபை கருவி அவற்றை உடனே ஒட்டிவிடும் என்பதால், இணையத்தில் செல்லும் பாக்கெட்டின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதே கோளாறில் சிக்கியவர்கள் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

மறுநாள் ரவுட்டரில், கடந்து செல்லும் பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, மடிக்கணினியிலிருந்து வங்கித் தளத்தை அழைத்தேன். இணைப்பைத் தொடங்கும் மூன்று படி கைகுலுக்கல் சரியாக முடிந்தது. நம் பக்கத்திலிருந்து 517 பைட் கொண்ட முதல் டிஎல்எஸ் (மறையாக்க நெறிமுறை) செய்தி சென்றது, அதைப் பெற்றுக்கொண்டதாக சர்வரிடமிருந்து ஒப்புகையும் வந்தது. அதன்பின் வந்த முதல் துண்டு, 1 என்ற வரிசை எண்ணில் தொடங்க வேண்டியதற்கு மாறாக, 2881இல் தொடங்கியது. அதாவது 1440 பைட் வீதம் இரண்டு முழு பாக்கெட்டுகள் வழியில் காணாமற்போக, தளத்தின் அடையாளச் சான்றிதழின் கடைசிச் சிறு துண்டு மட்டும் வந்து சேர்ந்திருந்தது. பெரியவை விழுகின்றன, சிறியவை பிழைக்கின்றன என்பது அந்த ஒரு வரியிலேயே தெளிவாகிவிட்டது. யூடியூப் ஓடியதற்கும் காரணம் புரிந்தது: அது பயன்படுத்தும் குவிக் நெறிமுறை 1200 பைட்டை ஒட்டிய சிறிய பாக்கெட்டுகளில் தொடங்கி, வழி தாங்கும் என்று தெரிந்த பிறகே அளவைக் கூட்டுகிறது.

அடுத்து, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் பிங் அளவை மாற்றி மாற்றிச் சோதித்தேன். பிங் தரவோடு ஐபி தலைப்புக்கு 20 பைட்டும் ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் செல்லும் நெறிமுறை) தலைப்புக்கு 8 பைட்டும் சேர்வதால், 1472 என்று கொடுத்தால் 1500 பைட் பாக்கெட் ஆகிறது. எங்கள் இணைப்பு பிபிபிஓஇ வகை, அதாவது பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் வகை. அது 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492தான் உச்சம். ஆகவே 1464க்கு மேல் கொடுத்தபோதெல்லாம், துண்டாக்க வேண்டியிருக்கிறது என்று எங்கள் ரவுட்டரே பதில் சொன்னது. 1422 வரை ஒழுங்காகப் பதில் வந்தது. இடைப்பட்ட 1423 முதல் 1464 வரைதான் எந்தப் பதிலும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. வழியிலுள்ள ரவுட்டர் 'பாக்கெட் பெரிது' என்று ஐசிஎம்பி மூலம் சொன்னால் அனுப்புபவர் அளவைக் குறைத்துக்கொள்வார் என்பதே 1990ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1191 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த முறை. அந்தச் செய்தி வராத இடத்தில் அனுப்புபவர் அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார்.

1422 உடன் 28ஐக் கூட்டினால் 1450. இந்த எண்ணைச் சொல்லிச் சேவையாளரின் தொழில்நுட்பப் பணியாளரிடம் விசாரித்தபோது, "ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் சார், டவர் டிராஃபிக்கை ஈஓஐபி டனல் வழியா மாத்தினோம்" என்றார். ஈதர்நெட் சட்டங்களை ஐபி பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் அந்த டனலின் கூடுதல் சுமை 42 பைட். 1500இலிருந்து 42ஐயும் 8ஐயும் கழித்தால் மிகச் சரியாக 1450. டனல் பிரிட்ஜாக (ரவுட்டராக அல்லாமல் சட்டங்களைக் கடத்தும் பாலமாக) இணைக்கப்பட்டிருந்ததால், ஈதர்நெட் அடுக்கில் நிற்கும் அது ஐசிஎம்பி செய்தி அனுப்பாமல் பெரிய சட்டங்களை அப்படியே கைவிட்டது.

ஓப்பன்-டபிள்யூஆர்டி மென்பொருளில் இயங்கும் எங்கள் ரவுட்டரில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் உச்ச அளவு) திருத்தம் முன்பே இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது தன் இடைமுகத்தின் எம்டியுவான 1492ஐப் பார்த்து, தலைப்புகளுக்கான 40 பைட்டைக் கழித்து, 1452 என்றே அறிவித்து வந்தது. அப்பாலுள்ள டனலை அது அறிய வழியில்லை. பிபிபிஓஇ இடைமுகத்தின் எம்டியுவை 1450 என்று மாற்றி மீண்டும் இணைத்ததும் எம்எஸ்எஸ் தானாகவே 1410 ஆயிற்று, வங்கித் தளம் உடனே திறந்தது. வீட்டிலுள்ள கைபேசிகளில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

அலுவலகத்திற்கான வயர்கார்டு விபிஎன் இணைப்பு மட்டும் இன்னும் திக்கியது. அதன் வழக்கமான எம்டியுவான 1420உடன் ஐபிவி4இல் 60 பைட் சேர்ந்தால் 1480 ஆகி, புதிய எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஐபிவி6இன் 80 பைட்டையும் கணக்கில் கொண்டு இருமுனைகளிலும் 1370 என வைத்தேன். மூன்று வாரங்களாக இந்த எண்களிலேயே இணைப்பு ஓடுகிறது.