விமானத்தில் போய் மீன் எண்ணினால் போதுமா?

மீன் வளத்தைக் கணக்கெடுக்க விமானத்தில் பறப்பார்கள் என்றால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். தெற்கு நீலத்துடுப்புச் சூரை என்ற டூனா மீனுக்கு 1993இல் தொடங்கி, நடுவில் சில வருடம் நின்று, 2017 வரை அப்படித்தான் நடந்தது. கோடையில் 2 முதல் 4 வயது வரையுள்ள இளஞ்சூரைகள் ஆஸ்திரேலியாவின் தென்கரையில் இருக்கும் கிரேட் ஆஸ்திரேலியன் பைட் என்ற பெரிய வளைகுடாவுக்கு வந்து, கூட்டம் கூட்டமாக மேல்மட்டத்தில் திரியும். சின்ன விமானம் நேர்கோடு பிடித்துப் பறக்க, உள்ளே இருக்கும் பழகிய கண்கள் ஒவ்வொரு கூட்டமும் எத்தனை டன் தேறும் என்று மதிப்புப் போடும்.

சரி, ஒரு வருடம் கூட்டம் குறைவாகத் தெரிந்தால் மீன் குறைந்துவிட்டது என்றா அர்த்தம்? காற்று பலமாக அடித்து அலை நுரைத்திருந்தால் மீன் இருந்தாலும் கண்ணில் படாது, கொஞ்சம் ஆழத்தில் இருந்தாலும் அதே கதைதான். இதெல்லாம் போக, அந்த வருடம் பைட் பக்கமே வராமல் வேறெங்காவது போயிருந்தால்? அதை மேலே இருந்து பார்த்துச் சொல்லவே முடியாது.

அதற்குத்தான் டேக், அதாவது மீனோடு போய்ப் பதிவெடுக்கும் சின்னக் கருவி. மீனின் வயிற்றைச் சின்னதாகக் கீறி கருவியை உள்ளே வைத்துத் தைத்து விட்டுவிடுகிறார்கள், வெளிச்சத்தை அளக்கும் மெல்லிய தண்டு ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆழம், தண்ணீரின் சூடு, மீனின் உடல் சூடு எல்லாம் பதிவாகும். தண்ணீருக்குள் ஜிபிஎஸ் எடுக்காது என்பதால், பகலின் நீளத்தை வைத்து அட்சரேகையையும் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு என்பதை வைத்து தீர்க்கரேகையையும் பிடிக்கிறார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் எங்கே பார்த்தாலும் பகல் ஒரே நீளம், அட்சரேகை சொதப்பிவிடும். அப்போது தண்ணீரின் சூடுதான் கைகொடுக்கும். இன்னொரு சிக்கல், அந்த மீன் மறுபடி யார் வலையிலோ தூண்டிலிலோ மாட்டி, டேக் திரும்பி வந்தால்தான் தகவல் கிடைக்கும்.

அப்படி வந்தவை காட்டிய படம் சுவாரசியமானது. குளிர்காலத்தில் சில மேற்கே இந்தியப் பெருங்கடலுக்குள் நெடுந்தூரம் போகின்றன, சில கிழக்கே டாஸ்மன் கடலுக்கு. கோடையில் நிறைய மீன்கள் பைட்டுக்குத் திரும்புகின்றன. ஆனால் எல்லாமே திரும்புகின்றனவா என்பதில்தான் கணக்கின் உயிர் இருக்கிறது.

இப்போது விமானம் இல்லை, மரபணு டேகிங். 2 வயது மீனிடம் துளித் தசை எடுத்துவிட்டு விடுகிறார்கள், அடுத்த வருடம் பிடிபடும் 3 வயது மீன்களில் அதே டிஎன்ஏ எத்தனை சிக்குகிறது என்று பார்த்து மொத்த எண்ணிக்கையைக் கணிக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணை நம்ப வேண்டியதில்லை, எனக்கும் பிடித்த முறைதான். ஆனாலும் தசை எடுத்து விட்ட மீனும் மற்ற மீனும் நன்றாகக் கலந்திருக்க வேண்டும். பைட் பக்கமே எட்டிப் பார்க்காத மீன்கள் இருந்தால் அவை இந்தக் கணக்கிலும் வராது. 2019இல் ஏற்றுக்கொண்ட கேப் டவுன் நடைமுறைப்படி, இந்த மீனைப் பிடிக்கும் எல்லா நாடுகளும் சேர்ந்து மொத்தம் எத்தனை டன் பிடிக்கலாம் என்ற முடிவில் இந்த எண்ணும் சேர்கிறது. அதனால் எண்ணிக்கைதான் கிடைத்துவிட்டதே, இனி வயிற்றில் வைக்கும் டேகுக்கு எதற்குச் செலவு என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.