பத்து வருஷம் ஜெயிச்சவனுக்கு ஏன் இவ்ளோ திட்டு?

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் பாக்ஸிங் தெரிஞ்ச நாலு பெரிசுங்க டீக்கடையில நிக்கிறப்போ சும்மா கிளிட்ச்கோ பேர எடுத்துப் பாருங்க, மூஞ்சி அஷ்டகோணலா போவும். டைசன்னா கண்ணு விரியும், அலின்னா கேக்கவே வேணாம், ஹோலிஃபீல்டுக்குக் கூட ரெண்டு நல்ல வார்த்த கெடைக்கும், ஆனா உக்ரைன்லேருந்து வந்து ஹெவிவெயிட்டு (குண்டு எடக்காரங்க பிரிவு) சாம்பியனா இருந்த விளாடிமிர் கிளிட்ச்கோன்னா மட்டும் "அவன் எங்கடா சண்ட போட்டான், கட்டிப்புடிச்சிக்கினு இல்ல நின்னான்"னு ஒரே போடு, அதோட மேட்டர் க்ளோஸ்.

ஆனா கணக்கு வேற கத சொல்லுதே. 2006 ஏப்ரல்ல ஜெர்மனி மான்ஹைம்ல கிறிஸ் பேர்ட அடிச்சு சாம்பியன் பெல்ட் வாங்குனவன் 2015 நவம்பர் வரைக்கும் கீழ வெக்கல, ஒன்பதரை வருஷத்துக்கு மேல, நடுவுல 18 தடவ ஆளுங்க வந்து மோதிட்டு வெறுங்கையோட போனாங்க. ஒரே மூச்சுல இத விட நீளமா ஹெவிவெயிட் நாற்காலில உக்காந்தவன் ஜோ லூயிஸ் ஒருத்தன்தான். 2011ல டேவிட் ஹேய ஜெயிச்சப்போ பெரிய பெல்ட்டு நாலும் ஒரே வீட்டுல இருந்துச்சு, தம்பி விளாடிமிர்கிட்ட மூணு, அண்ணன் விட்டாலிகிட்ட ஒண்ணு. இவ்ளோ பெரிய ஆட்சிய "ச்சே, மொக்க"ன்னு ஒத்த வார்த்தைல தள்ளிட முடியுமான்னு ரொம்ப நாளா எனக்குள்ள ஒரு குடைச்சல், அதான் இந்த போஸ்ட்.

மொதல்ல, யாருக்குப் புடிக்கலன்னு ஒரு கேள்வி இருக்குல்ல, அத யாரும் கேக்குறதில்ல. ஜெர்மனிக்காரன் இவனுங்கள தலைல தூக்கி வெச்சு ஆடுனான். 2009ல கெல்சன்கிர்ஹென்ல ரஸ்லன் சகாயேவ் கூட ஃபைட்டு, ஃபுட்பால் ஸ்டேடியம், 60 ஆயிரம் பேருக்கு மேல வந்தாங்க. ஹே ஃபைட்ட ஜெர்மன் டிவில மட்டும் ஒன்றரை கோடி பேரு பாத்தாங்க. கடுப்பானவன் அமெரிக்காக்காரன். நூறு வருஷமா ஹெவிவெயிட் எங்க வீட்டு சொத்துன்னு நெனச்சிருந்தவன் கைய விட்டு பெல்ட்டு போச்சு, அதுவும் பழைய சோவியத் பக்கத்துலேருந்து வந்த ரெண்டு படிச்ச பசங்ககிட்ட, ரெண்டு பேருமே ஸ்போர்ட்ஸ் சயின்ஸ்ல டாக்டர் பட்டம் வாங்குனவனுங்க, அவன் எப்படி பொறுத்துப்பான்? நாம பாக்ஸிங் பத்தி படிக்கிறது கேக்குறது எல்லாம் இங்கிலீஷ்ல, அதுவும் பாதிக்கு மேல அமெரிக்கால எழுதுனது. அவன் கடுப்ப நாம கடன் வாங்கி வெச்சிருக்கோம்னு தோணுது. முழுசா அதுதான்னு சொல்ல மாட்டேன், நமக்குன்னு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு, அதுக்கு வரேன்.

அடுத்தது, "எதிர்ல வந்தவன்லாம் டம்மி பீஸு"ங்கிற குத்தம். இத கேட்டாலே எனக்கு ஏறிடும். பேர வரிசையா பாருங்க. சுல்தான் இப்ராகிமோவ் 2000 ஒலிம்பிக்ஸ்ல சில்வர், பொவெட்கின் 2004ல கோல்டு. ஹசிம் ரஹ்மான் யாருன்னா அப்ப சாம்பியனா இருந்த லெனாக்ஸ் லூயிஸயே 2001ல தூக்கிப் போட்டவன், என்ன, கிளிட்ச்கோகிட்ட வர்றப்போ கொஞ்சம் வயசாயிடுச்சு. சகாயேவ், இப்ராகிமோவ், பொவெட்கின், புலெவ், ஜென்னிங்ஸ்லாம் அது வரைக்கும் ஒரு தோல்வி கூட பாக்காம வந்தவனுங்க. பொவெட்கின் 2020ல 40 வயசுல ரெண்டு தடவ கீழ விழுந்து எழுந்து டில்லியன் வைட்ட ஒரே அப்பர்கட்டுல (கீழேருந்து மேல தாடைக்கு வர்ற குத்து) படுக்க வெச்சான், அவனா டம்மி? ஜோ லூயிஸுக்கும் அந்தக் காலத்துல இதே பேச்சுதான், மாசத்துக்கு ஒரு சோப்ளாங்கியனு கிண்டல் பண்ணாங்க, இன்னிக்கு அத யாரு ஞாபகம் வெச்சிருக்கா. ஒருத்தன் எல்லாரையும் சுலபமா அடிச்சா அடி வாங்குனவன் சின்னவனா தெரியுறான், அவ்ளோதான் விஷயம். மோர்மெக், பியானெட்டா, லியபாய் மாதிரி ஆளுங்க இருந்தாங்க, ஒத்துக்கறேன், அதுங்கள பாக்க எனக்கும் நேரம் இல்ல.

கட்டிப்புடிக்கிற குத்தம்தான் நெசமான குத்தம். இங்க நான் அவன் பக்கம் வக்காலத்து வாங்க வரல, ஆனா அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா வேற மாதிரி தெரியும்.

ஆரம்பத்துல விளாடிமிர் இப்படி இல்ல. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல கோல்டு அடிச்சவன், வந்து நின்னு அடிப்பான், ஆறரை அடி ஒசரத்துலேருந்து வலது கை வந்து எறங்குனா ஆளு காலி. பிரச்சன என்னன்னா அடிக்கத் தெரிஞ்ச அளவுக்கு வாங்கத் தெரியல, மூச்சும் நிக்கல. 1998ல சொந்த ஊரு கியவ்லயே ராஸ் ப்யூரிட்டிகிட்ட மூச்சு வாங்கி தோத்தான். 2003ல ஹனோவர்ல கோரி சாண்டர்ஸ் ரெண்டே ரவுண்டுல நாலு தடவ கீழ தள்ளிட்டான். அடுத்த வருஷம் லாஸ் வேகாஸ்ல லேமன் ப்ரூஸ்டர நாலு ரவுண்டு பொளந்துட்டு அஞ்சாவதுல இவனே துவண்டு விழுந்தான். அப்போ எல்லாரும் இவன் கத முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க. "கண்ணாடி தாட"ன்னு பேரு, அடி பட்டாலே ஒடஞ்சு போறவன்னு அர்த்தம்.

அந்த ப்ரூஸ்டர் ஃபைட்டுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் இமானுவேல் ஸ்டூவர்ட் இவன கைல எடுத்திருந்தாரு. டெட்ராய்ட் க்ராங்க் ஜிம் வாத்தியார், தாமஸ் ஹெர்ன்ஸ உருவாக்குனவரு, லெனாக்ஸ் லூயிஸுக்கும் அவருதான் கோச். அவரு பண்ணது சிம்பிள்தான், ஆனா பண்றது கஷ்டம். உன் ஒசரம் இருக்கு, உன் கை நீளம் இருக்கு, அப்புறம் எதுக்கு நீ கிட்ட போற? எடது கைய முன்னாடி வெச்சு அளவெடு, ஜாப் (முன் கையால நேரா விடுற குத்து) போடு, அவன் உள்ள வர இடத்துல வலது கைய விடு, அதையும் தாண்டி உள்ள வந்துட்டானா கழுத்துல கைய போட்டு உன் முழு வெயிட்டயும் அவன் மேல சாய்ச்சுடு. 110 கிலோ ஆளு ஒரு ரவுண்டுக்கு அஞ்சு தடவ மேல சாஞ்சா எட்டாவது ரவுண்டுல எதிராளிக்கு காலு இருக்காது. கேரம்ல ரெட்ட போட்டுட்டு மீதி நேரம் பூரா எதிராளி காயின் ஒவ்வொண்ணுக்கும் முன்னால தன் காயின ஒட்டி ஒட்டி வெக்கிறவன் ஒருத்தன் எல்லா தெருவுலயும் இருப்பான்ல, அந்த ஆட்டம்தான் இது, ரூல்ஸ்ல தப்பில்ல, ஆனா பலகைய தூக்கி அடிக்கலாம் போல இருக்கும்.

அப்ப இது ரோஷம் இல்லாதவன் கண்டுபிடிச்ச வித்த கெடையாது, தன் வீக்னெஸ் என்னன்னு மூணு தடவ அடிபட்டு தெரிஞ்சுக்கிட்டவன் அத மூடி மறைக்க கட்டுன கோட்ட. 2005ல சாமுவேல் பீட்டர் கூட மோதுனப்போ அந்தக் கோட்ட பாதிதான் கட்டியிருந்துச்சு, மூணு தடவ கீழ விழுந்தான், மூணு தடவயும் எழுந்து மூணு ஜட்ஜுகிட்டயும் 114-111ல ஜெயிச்சான். "இவனுக்கு நெஞ்சு இல்ல"ன்னு சொல்றவங்க இந்த ஃபைட்ட பாத்திருக்க மாட்டாங்க.

ஆனா அளவுக்கு மீறிப் போனதும் உண்மதான். 2008ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல இப்ராகிமோவ் கூட ஆடுனது, சாமி, 12 ரவுண்டும் எதிராளி க்ளவுஸ தட்டித் தட்டி விட்டுட்டே இருந்தான், ஜனம் கத்தி கூச்சல் போட்டுச்சு. அதையும் தூக்கி சாப்பிட்டது 2013 மாஸ்கோ, பொவெட்கின் ஃபைட்டு. ஸ்கோர் பாத்தா 119-104, மூணு ஜட்ஜும் அதே நம்பர், நாலு தடவ பொவெட்கின் கீழ விழுந்தான், பேப்பர்ல பாத்தா மாஸ்டர் க்ளாஸ். உக்காந்து பாத்தா தெரியும் கத, குத்துனத விட அமுக்குனதுதான் ஜாஸ்தி. அந்த ரெஃப்ரி பாயிண்ட் கழிச்சது 11வது ரவுண்டுல! மூணாவது ரவுண்டுலயே கழிச்சிருக்கணும், கழிச்சிருந்தா விளாடிமிர் வேற ஆட்டம் ஆடியிருக்கணும், அப்பயும் ஜெயிச்சிருப்பான்னுதான் நான் நெனைக்கிறேன், அதான் இன்னும் கடுப்பு. ஸ்டூவர்ட் 2012 அக்டோபர்ல எறந்துட்டாரு. அவரு கார்னர்ல இருந்தப்போ "வலது கைய போடுடா"ன்னு கத்த ஒரு ஆளு இருந்துச்சு, அதுக்கப்புறம் இவன் தன் பயத்தோட பாட்டுக்கு போயிட்டான்னு என் கணிப்பு.

இப்ப நம்ம சொந்தக் காரணம். இந்த ஏரியால பாக்ஸிங்னா பரம்பரை, சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு கட்சி பிரிஞ்சு நின்ன ஜனம். அந்த வளர்ப்புல வந்தவங்களுக்கு ஜெயிக்கிறது மட்டும் பத்தாது, எப்படி நின்னான்ங்கிறதுதான் பேச்சு. அதோட 1980ல அலியே மெட்ராஸுக்கு வந்தாரு, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட ரிங்ல எறங்கி ஆடிக் காட்டுனாரு, எம்ஜிஆர் வந்திருந்தாரு. அத நேர்ல பாத்தவங்க எங்க ஏரியால இன்னும் இருக்காங்க, பாக்காதவங்களும் பாத்த மாதிரியே பேசுவாங்க. அதே வருஷம் அக்டோபர்ல லாஸ் வேகாஸ்ல லாரி ஹோம்ஸ் அலிய பத்து ரவுண்டு அடிச்சு உக்கார வெச்சான். எனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய வாத்தியார்கிட்ட ஹோம்ஸ் பத்தி கேட்டா, "அந்தாள் பேர என்கிட்ட சொல்லாத நைனா"ன்னு எழுந்தே போயிடுவாரு. அவ்ளோ காலம் ஆயும் கோவம் தீரல.

இத்தனைக்கும் ஹோம்ஸ் மாதிரி ஜாப் போட்டவன் ஹெவிவெயிட்ல ரொம்ப கம்மி. 1978லேருந்து 1985 வரைக்கும் சாம்பியன், 48 ஃபைட்டு தோல்வியே இல்லாம போயி, தோல்வியே பாக்காத ராக்கி மார்சியானோவோட 49ஐ தொட ஒண்ணு பாக்கி இருக்கறப்போ மைக்கேல் ஸ்பிங்க்ஸ்கிட்ட தோத்தான். அவன் பண்ண ஒரே தப்பு அலிக்கு அப்புறம் பொறந்து வந்ததுதான், ஒரு காலத்துல அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னரா இருந்தவன் வேற, அலிய அடிச்சுட்டு அவனே அழுதான். இன்னிக்கு விவரம் தெரிஞ்சவங்க யாரும் ஹோம்ஸ முதல் பத்துலேருந்து எடுக்க மாட்டாங்க.

கிளிட்ச்கோ பசங்களுக்கு இதோட தலகீழ் பிரச்சன. ஹோம்ஸ் ஜனத்துக்குப் புடிச்சவன அடிச்சு கெட்ட பேரு வாங்குனான், இவனுங்களுக்கு அப்படி ஒருத்தன அடிக்கிற சான்ஸே கெடைக்கல. 2003 ஜூன்ல விட்டாலி லெனாக்ஸ் லூயிஸ் கூட மோதுனான், ஆறு ரவுண்டு முடிய மூணு ஜட்ஜும் 58-56ன்னு விட்டாலிக்கு போட்டிருந்தாங்க, ஆனா எடது கண்ணு மேல கிழிஞ்சு தொங்குது, டாக்டர் நிறுத்திட்டாரு. லூயிஸ் மறுபடி மோதல, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிட்டான். கிரீடம் கைமாறுற அந்த ஒரு ராத்திரி இந்த காலத்துக்கு அமையவே இல்ல. இன்னொரு ஓட்டையும் இருக்கு, அந்த காலத்துல ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் அண்ணன் தம்பி. மோதிக்க மாட்டோம்னு அம்மாவுக்கு சத்தியம். யாரும் தப்பு சொல்ல முடியாது, ஆனா ரெக்கார்டுல அந்த கட்டம் காலியாவே கெடக்கு.

என் தீர்ப்ப கேட்டா, விளாடிமிர் முதல் பத்துக்குள்ள வருவான், கீழ் பாதில. ஜோ, லெனாக்ஸ்னு லூயிஸ் ரெண்டு பேரு, அலி, ஹோம்ஸ் எல்லாம் இவனுக்கு மேல. விட்டாலி ஆளுக்கு ஆளு நின்னா தம்பிய விட பலசாலின்னு எனக்கு சந்தேகமே இல்ல, 47 ஃபைட்டுல ஒரு தடவ கூட தரையில விழாதவன், தோத்த ரெண்டும் ஒண்ணு தோள்பட்ட, ஒண்ணு கண்ணு. ஆனா அவனோட பெஸ்ட் ஃபைட்டே தோத்த ஃபைட்டா இருக்கு, நடுவுல நாலு வருஷம் காயத்துல போச்சு, அதனால அவன தம்பிக்குக் கீழதான் வெப்பேன். இதுக்கு கமெண்ட்ல சண்டைக்கு வரவங்க வரலாம்.

வேடிக்க என்னன்னா விளாடிமிர எல்லாருக்கும் புடிச்சுப் போனது தோத்ததுக்கு அப்புறம். 2015ல டூசல்டார்ஃப்ல டைசன் ஃப்யூரிகிட்ட தோத்து பெல்ட்ட விட்டப்போ இல்ல, அது ரெண்டு பேருமே குத்தாத கண்றாவி, 12 ரவுண்டுல இவன் ஃப்யூரி மேல பட வெச்சது 52 குத்து. 2017 ஏப்ரல்ல வெம்ப்ளில, 90 ஆயிரம் பேரு முன்னால, 41 வயசுல ஆந்தனி ஜோஷுவா கூட. அஞ்சாவதுல விழுந்தான், ஆறாவதுல ஜோஷுவாவ விழ வெச்சான், பதினொண்ணுல நிறுத்துனாங்க. எங்க தெருவுல அவன திட்டிட்டே இருந்தவனுங்க கூட அன்னிக்கு விடியக்காலைல முழிச்சிருந்து பாத்துட்டு "ஆளு கெத்துடா"ன்னாங்க. எனக்கு அதுல கொஞ்சம் எரிச்சல்தான், இதே நெஞ்சு பீட்டர் ஃபைட்டுலயும் இருந்துச்சே, அப்ப எங்கடா போனீங்க.

புதுசா பாக்கறவங்களுக்கு சொல்றேன், வரிசையா 18ம் பாக்காதீங்க, தூக்கம் வரும். சாமுவேல் பீட்டர் முதல் ஃபைட்ட முழுசா பாருங்க. 2010 எட்டி சேம்பர்ஸ் ஃபைட்டுல கடைசி ரவுண்டு மட்டும், முடிய சில செகண்டு இருக்கறப்போ எடது ஹூக் (கைய மடக்கி பக்கவாட்டுல விடுற குத்து) ஒண்ணு வரும். 2014 புலெவ் ஃபைட்டு அஞ்சே ரவுண்டு, எடது ஹூக்குன்னா இன்னான்னு பாடம் எடுப்பான். டேவிட் ஹே ஃபைட்ட விட்டுடுங்க, முடிஞ்சதும் ஹே ஷூவ கழட்டி கால் சுண்டு விரல் அடிபட்டுச்சுன்னு காட்டுன சீன் மட்டும் தனியா கெடைக்கும், அது போதும்.